டென்னிஸில் பெரிய இடத்தைப் பிடிக்க முடியாதவர்தான் கல்லூரிப் பயிற்சியாளராகப் போகிறாரா? அது தோல்விதானே?

கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். பிரையன் ஷெல்டனைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு முடிவு செய்யுங்கள்.

இன்று பலருக்கும் அவர் அமெரிக்க டென்னிஸ் வீரர் பென் ஷெல்டனின் அப்பா, அவ்வளவுதான். அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் ஊர்க்காரர். ஒற்றையர் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 55. அமெரிக்காவின் நியூபோர்ட் புல்தரைப் போட்டியில் 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். 1994 விம்பிள்டனில் தகுதிச் சுற்று ஆடி உள்ளே நுழைந்தவர், முதல் ஆட்டத்திலேயே முன்னாள் சாம்பியன் மைக்கேல் ஸ்டிக்கை வீட்டுக்கு அனுப்பினார். நான்காம் சுற்றோடு அந்த ஓட்டம் நின்றது. இந்த நிலையில் ஆடுபவரின் பிழைப்பு சுலபமானதல்ல. தோற்றால் பரிசுப் பணம் சுருங்கும். விமான டிக்கெட்டும் ஓட்டல் வாடகையும் சுருங்காது.

1999இல், தான் படித்த ஜார்ஜியா டெக் கல்லூரியின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். 2007இல் அந்த அணி தேசிய சாம்பியன். என்சிஏஏ என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் அணிப் பட்டம், எந்த விளையாட்டிலும் அக்கல்லூரிக்கு முதன்முதலாகக் கிடைத்தது அப்போதுதான். (நம் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாவுக்கு ஆடிக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றதும் அதே ஆண்டு.) 2012இல் புளோரிடா பல்கலைக்கழக ஆண்கள் அணிக்கு மாறினார், 2021இல் அங்கும் பட்டம். ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் தேசியப் பட்டம் வென்ற முதல் பயிற்சியாளர் அவர்தான்.

இந்த வேலை பந்தடிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு முடிவதில்லை. அன்றைய விதிப்படி ஆண்கள் அணிக்கு மொத்தமே நாலரைப் பேருக்கான முழு உதவித்தொகை. அதை அணி முழுவதற்கும் பங்கு போட வேண்டும். இரு அணிகள் மோதும்போது ஆறு ஒற்றையர் ஆட்டங்கள் அடுத்தடுத்த ஆடுகளங்களில் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, அவற்றோடு இரட்டையருக்கு ஒரு புள்ளி. ஏழில் நான்கை முதலில் எட்டும் அணிக்கு வெற்றி. நாற்பதுக்கு நாற்பது வந்துவிட்டால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் எந்த ஆடுகளத்தின் ஓரத்தில் போய் நிற்பது என்று பயிற்சியாளர் நொடியில் முடிவெடுக்க வேண்டும். தொழில்முறை வீரராக நெருக்கடியில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் ஆடிப் பழகியவருக்கு, அந்த ஓரத்தில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்பதும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

2021 இறுதிப் போட்டியில் அவர் தன் மகனை இறக்கியது அணியின் சிறந்த வீரர் ஆடும் முதல் ஆடுகளத்தில் அல்ல, ஐந்தாவதில். முதலாண்டு மாணவனான பென்னின் ஆட்டமே பட்டத்தை உறுதிசெய்தது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஐந்தாம் இடம்தான். நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் பயிற்சியாளரின் பிள்ளை எந்த இடத்தில் ஆடும் என்று உங்களுக்கே தெரியும்.

2023இல் புளோரிடா வேலையை விட்டுவிட்டு மகனுக்கு முழுநேரப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டே பென் அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் ஜோகோவிச்சை எதிர்த்து ஆடினார்.