நியூ ஹாம்ப்ஷயரில் பாரம்பரிய ரயில் என்றால் என்ன? வாஷிங்டன் மலை ரயில் வழுக்காமல் ஏறுவது எப்படி?

ஊர் போய்ச் சேர்வதற்காக இல்லாமல், பயணத்தை அனுபவிப்பதற்காகவே பழைய பாதையிலும் பழைய பெட்டிகளிலும் ஓட்டப்படுவதுதான் பாரம்பரிய ரயில். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் சிறிய மாநிலம்தான், ஆனால் மலைகளுக்குக் குறைவில்லை. கார்களும் நெடுஞ்சாலைகளும் பெருகியதும் அங்கே பயணிகள் ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆனால் மலையை வெட்டியும் பள்ளத்தாக்கில் பாலம் கட்டியும் போட்ட பாதைகள் மிச்சமிருந்தன. அவற்றில் ஒன்றில்தான் 1974-இல் கான்வே சீனிக் ரயில் தொடங்கியது. அது புறப்படும் நார்த் கான்வே நிலையம் 1874-இல் கட்டியது.

அதே மாநிலத்தில் உள்ள வாஷிங்டன் மலை ரயிலின் கதை வேறு. சில்வெஸ்டர் மார்ஷ் உருவாக்கிய அது, 1869 முதலே மலையுச்சியைக் காட்டத்தான் ஓடுகிறது. செங்குத்தான இடத்தில் 100 அடிக்கு 37 அடி ஏற்றம்! நம் ஊட்டி ரயிலுக்கு அதிகபட்சம் 12 அடிக்கு ஓர் அடிதான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. அதனால் நடுவில் ஏணிப்படிகள் போலப் பற்கள் கொண்ட ஒரு தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். வழுக்குமரம் ஏறுவதற்கும் ஏணியில் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இன்னொரு விசேஷம்: எஞ்சின் கீழே நின்று பெட்டியைத் தள்ளுகிறது, இரண்டையும் இணைப்பதில்லை. பெட்டிக்குத் தனி பிரேக் உண்டு.

பாரம்பரிய ரயில் என்றாலே நீராவி எஞ்சின்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மலையில் இன்று பெரும்பாலான ரயில்கள் பயோடீசலில்தான் ஓடுகின்றன, நீராவி எஞ்சின் வேண்டுமென்றால் அதற்கான பயணத்தைப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும்.