உலகத்துக்கே ஒரே மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு ஏன் இல்ல?

கேள்வி இதுதான்: "ஒரே மருந்து கம்பெனிய ஏன் ஒவ்வொரு நாட்டுக்காரங்களும் தனித்தனியா வந்து செக் பண்ணனும், எல்லா நாடும் சேர்ந்து ஒரே அமைப்பா வச்சுக்கக் கூடாதா?"

பாண்டிச்சேரி பக்கம் ஒரு கம்பெனில 12 வருஷமா கியூ.ஏ.ல, அதாவது தரத்த உறுதி பண்ற பிரிவுல இருக்கேன், மாத்திரை, சிரப் ரெண்டும் பண்றோம். போன வருஷம் மட்டும் எங்க பிளான்டுக்கு மூணு வெளிநாட்டு ஆடிட். பாத்தது அதே தண்ணி சிஸ்டம், அதே கிரானுலேஷன் ரூம், அதே லாக்புக். ஒரு பக்கத்துல கையெழுத்துக்குக் கீழ டைம் எழுதாம விட்டிருந்தோம், முதல் டீம் அதக் கேட்டாங்க, அதே பக்கத்த மூணாவது டீமும் எடுத்து அதையே கேட்டாங்க. ஒவ்வொரு ஆடிட்டுக்கும் அஞ்சு நாள், அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் தயாரிப்பு, அவ்வளவு நாளும் லேப்ல பேட்ச் டெஸ்ட் பண்ண வேண்டிய பசங்க ஃபைல் தூக்கிட்டு ஓடிட்டு இருப்பாங்க. அதனால நீங்க கேக்குறது ரொம்ப நியாயமான கேள்வி.

உலகத்துக்கே ஒரு அமைப்பு வராது. ஒரு மருந்துக்கு லைசென்ஸ் குடுக்குறதும் ரத்து பண்றதும் அந்தந்த நாட்டுச் சட்டம், நாளைக்கு மருந்து குடிச்சு யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியதும் அந்த அரசாங்கம்தான். உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை குடுக்கலாம், ஒரு ஃபேக்டரிய இழுத்து மூட அதுக்கு அதிகாரம் இல்ல. ஆக நாடுகளுக்குள்ள நடக்கக்கூடியது ஒண்ணுதான், நீ பாத்தத நான் நம்புறேன், நான் பாத்தத நீ நம்புங்கறது.

பேப்பர் விஷயத்துல இது நல்லாவே நடந்துடுச்சு. 1990ல அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூணும் சேர்ந்து ஐ.சி.எச்.னு ஆரம்பிச்சாங்க, அதுல வந்ததுதான் சி.டி.டி.ங்கற பொது டாசியர், அதாவது மருந்துக்கு அனுமதி கேட்டு குடுக்குற ஃபைல். மொத்தம் அஞ்சு மாட்யூல், அதுல முதல் மாட்யூல் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும், மத்த நாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி. அதுக்கு முன்னாடி ஒரே டேட்டாவ ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வரிசைல டைப் அடிச்சு பெட்டி பெட்டியா அனுப்புனத எங்க சீனியர் ஒருத்தர் இன்னும் சொல்லுவார்.

இன்ஸ்பெக்‌ஷன்ல பாதிதான் வந்திருக்கு. அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் ஒருத்தர் ஆய்வ ஒருத்தர் ஏத்துக்குற ஒப்பந்தம் 2017ல நடைமுறைக்கு வந்து, 2019 ஜூலைல அப்போ இருந்த 28 நாட்டுக்கும் முழுசாச்சு. ஆனா அது முக்கியமா அவங்கவங்க மண்ணுல இருக்குற ஃபேக்டரிக்கு. இந்தியால இருக்குற ஃபேக்டரின்னா ரெண்டு பேருமே தனித்தனியா ஃப்ளைட் ஏறி வரலாம், வர்றாங்க. பிக்ஸ்னு ஆய்வாளர்களுக்கான ஒரு கூட்டமைப்பு இருக்கு, 50க்கு மேல அமைப்புங்க மெம்பர், மலேசியா 2002லயே சேர்ந்தாச்சு, இந்தோனேசியா 2012, தாய்லாந்து 2016, நாம இன்னும் சேரல. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, ஒரு நாட்ட சேர்க்குறதுக்கு முன்னாடி அவங்க மதிப்பிடுறது கம்பெனிய இல்ல, அந்த நாட்டு இன்ஸ்பெக்டர்கள, எத்தன பேர் இருக்காங்க, என்ன ட்ரெய்னிங், எத்தன வருஷத்துக்கு ஒருக்கா ஒரு ஃபேக்டரிக்குள்ள போறாங்கன்னு.

இது ஏன் முக்கியம்னு 2025ல காஞ்சிபுரம் மாவட்டத்துல பாத்தோம். சுங்குவார்சத்திரம் பக்கம் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்ப குடிச்சு மத்தியப் பிரதேசத்துல 20க்கு மேல குழந்தைங்க செத்துப் போச்சு. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டெஸ்ட் பண்ணப்ப அதுல 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால்ங்கற விஷத் திரவம் இருந்துச்சு, அனுமதி 0.1 சதவீதம். அந்த ஃபேக்டரிய ஒழுங்கா ஆய்வு பண்ணலனு ரெண்டு இன்ஸ்பெக்டர்கள சஸ்பெண்ட் பண்ணாங்க. ஆப்பிரிக்காவுல காம்பியால 2022ல இந்திய இருமல் சிரப் குடிச்ச குழந்தைங்க செத்ததுக்கு அப்புறம் ஏற்றுமதி ஆகுற இருமல் சிரப்புக்கு அரசு சொல்ற லேப்ல டெஸ்ட் கட்டாயம்னு 2023 ஜூன்ல கொண்டு வந்தாங்க, நம்ம ஊர்ல விக்குற சிரப்புக்கு அப்போ அந்தக் கட்டாயம் கொண்டு வரல. எங்க பிளான்டுல ஒரே லாக்புக்க மூணு நாடு புரட்டிட்டு இருந்துச்சு, காருல ரெண்டு மூணு மணி நேரத்துல போற தூரத்துல இருந்த இந்த ஃபேக்டரிய எட்டிப் பாக்க ஆள் இல்ல. இத நினைச்சாலே எனக்கு நெஞ்சு பொறுக்கல. இந்தியா பிக்ஸ்ல சேரணும்னு நான் சொல்றது எங்களுக்கு ஆடிட் குறையும்னு மட்டும் இல்ல, சேரணும்னா இந்த மாதிரி சின்ன ஃபேக்டரிக்குள்ளயும் நம்ம இன்ஸ்பெக்டர் ஒழுங்கா போய்த்தான் ஆகணும், அதுக்காக.

சரி, இந்தோனேசியா மெம்பர்தானே, அங்கயும் 2022ல 200 குழந்தைங்க கிட்ட செத்துச்சேன்னு கேப்பீங்க. உண்மைதான். அங்க விஷம் வந்தது ட்ரம்ல, தொழிற்சாலைக்கான, விஷமான எத்திலீன் கிளைக்காலுக்கு, சிரப்புல சேர்க்குற ப்ரோப்பிலீன் கிளைக்கால்னு லேபிள் ஒட்டி வித்திருக்காங்க. கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது, இதுவும் நிறமில்லாத, கொஞ்சம் கெட்டியான, இனிப்பா இருக்குற திரவம், அதுவும் அப்படியே. ஒவ்வொரு ட்ரம்மையும் திறந்து சாம்பிள் எடுத்து லேப்ல டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்.

சைட் எஃபெக்ட் தகவல பகிர்ந்துக்க கர்ப்பிணிங்க சாப்ட்டு குழந்தைங்க ஊனமாப் பொறந்த தாலிடோமைடு மருந்து சம்பவத்துக்கு அப்புறம் 1968ல 10 நாடு சேர்ந்து ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு அதுல 150 நாட்டுக்கு மேல, ஸ்வீடன்ல உப்சாலால இருந்து நடத்துறாங்க. ஒரு மாத்திரை சாப்ட்டு ஒருத்தருக்கு உடம்பெல்லாம் தடிச்சா அந்தத் தகவல் அங்க போய்ச் சேர வழி இருக்கு. சந்தேகப்பட்டு திருப்பி அனுப்புன ஒரு ட்ரம்மப் பத்தி ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கோ ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கோ அதே மாதிரி சொல்ற வழக்கம் நான் வேலை பாத்த இடத்துல இருந்ததில்ல.

சில வருஷம் முன்னாடி எங்களுக்கு ப்ரோப்பிலீன் கிளைக்கால் எட்டு ட்ரம் வந்துச்சு, சி.ஓ.ஏ.ங்கற சப்ளையரோட டெஸ்ட் சர்டிஃபிகேட் பக்காவா இருந்துச்சு. ஏழு ட்ரம் ஒரே மாதிரி, எட்டாவதுல மட்டும் லேபிள் கொஞ்சம் தடிமனா இருந்த மாதிரி தோணுச்சு, ஓரத்த நகத்தால சுரண்டுனா அடியில இன்னொரு லேபிள், அதுல வேற பேட்ச் நம்பர். எட்டையும் ரிஜெக்ட் பண்ணோம். டிரக் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடலாம்னு நான் சொன்னேன், சப்ளையரோட பேசி முடிச்சுக்கலாம்னு மேல முடிவு பண்ணாங்க, நானும் அதுக்கு மேல வற்புறுத்தல. மறுநாள் அவங்க லாரி வந்து ட்ரம்ம ஏத்திட்டுப் போச்சு. கேட் ரிஜிஸ்டர்ல லாரி நம்பர் இருக்கு, அந்த ட்ரம் அங்க இருந்து எந்தக் கம்பெனிக்குப் போச்சுன்னு எங்கயும் இல்ல.