டீச்சரிடம் கேளுங்கள்: பள்ளிக்கூடமும் பிள்ளைகள் உடம்பும்

குமரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் 31 வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை. வகுப்பறையில் பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

குளச்சலில் இருந்து ஒரு அம்மா: பையன் அஞ்சாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். போர்டில் எழுதியதை மட்டும் எழுதி எடுப்பதில்லை. சோம்பேறித்தனமா டீச்சர்?

முதலில் கண்ணைப் பாருங்கள். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா? டிவியை ஒட்டி உட்காருகிறானா? சாயங்காலம் தலைவலி என்கிறானா? வருடம் ஒரு முறை நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு வரும். கண், பல், காது எல்லாம் பார்ப்பார்கள். பார்வைக் குறை இருந்தால் கண்ணாடி இலவசம். அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், வகுப்பாசிரியரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். நானே ஒரு பிள்ளையைக் ‘காப்பி அடிக்கிறாள்’ என்று அரை வருடம் திட்டியிருக்கிறேன். கண்ணாடி போட்டு வந்த அன்று அவள் கேட்டாள்: “டீச்சர், உங்க சேலையில பூ இருக்கா?” அந்தச் சேலையை வாரம் ஒரு நாள் கட்டிக்கொண்டுதான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

குலசேகரம் பக்கம், ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அப்பா: நானும் வீட்டுக்காரியும் விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவோம். மகள் ஏழாம் வகுப்பு. கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டுப் போகிறாள். பதினோரு மணிக்குத் தலை சுற்றுதாம்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் அது அஞ்சாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளைக்குப் பசி நின்றுவிடுமா என்ன? இது எனக்கு உள்ள நீண்ட நாள் வருத்தம். மதியச் சத்துணவும் முட்டையும் உண்டு, காலைக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். ராத்திரியே மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்து வையுங்கள், அல்லது பழங்கஞ்சி. ரெண்டு ஏத்தம்பழம் இருந்தாலும் போதும்.

இன்னொன்று. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறாளா? நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் கொக்கிப்புழு இருக்கும். உள்ளங்கால் வழியாக ஏறி, குடலில் இருந்து ரத்தம் குடிக்கும். சோகைக்கு அதுவும் ஒரு காரணம். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டிப் பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையை மென்று தின்னச் சொல்லுங்கள். தலைசுற்றல் நிற்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

தக்கலை, புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியை: வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிகிறார்கள் அக்கா. வயிறு வலிக்குதாம், மலம் கறுப்பாகப் போகுதாம்.

கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், பயம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் சொல்வதில்லை, அதனால்தான் எறிகிறார்கள். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், சத்துணவு முடிந்ததும் கொடுங்கள். உடனே சாயா குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. நெல்லிக்காய் தின்றால் நன்றாகச் சேரும். அப்புறம், பிள்ளைகள் முன்னால் நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில், ஒரு அப்பா: பள்ளி வாசலில் சிப்ஸ், கலர் விற்கலாமா?

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டம் விற்கக் கூடாது என்று 2020 விதி இருக்கிறது. ஆனால் கடைக்காரர் நம்ம ஊர்க்காரர். சண்டைக்குப் போகாமல் மட்டிப்பழமும் கடலை மிட்டாயும் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கருங்கல், ஒரு அம்மா: மகள் கொண்டுபோகும் தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறது. கழிப்பறை அசிங்கமாக இருக்காம்.

அப்படியானால் தண்ணீர் குடி என்று அவளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும், தலை வலிக்கும், கடைசிப் பாடவேளையில் ஒன்றும் மண்டையில் ஏறாது. மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் லீவு போடுவதற்கும் இந்தக் கழிப்பறை ஒரு காரணம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்கு நாலு அம்மாக்களாகப் போங்கள். தாழ்ப்பாள், தண்ணீர், வாளி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, தினமும் கழுவ ஆள் என்று தனித்தனியாகத் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். கூட்டம் முடிந்ததும் அந்தக் கழிப்பறைக்கு நீங்களே ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.