ஒற்றை மேசை ஒன்லைன் போக்கரில் ஏன் எப்போதும் நான்காவதாகவே வெளியேறுகிறேன்?

கேள்வி கேட்டவர் சொன்னது இது. ஒன்பது பேர் சேர்ந்ததும் தொடங்கும் சிட் அண்ட் கோ போக்கர் போட்டி, முதல் மூவருக்கு 50, 30, 20 சதவீதம் பரிசு. நான்கு பேர் மிச்சம், நால்வரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு சிப்ஸ். முதல் ஆள் ஓல்-இன் (கையில் உள்ள சிப்ஸ் முழுவதும்) போட்டார். டீலர் இடத்தில் இருந்த இவர் ஆஸ்-ஜேக் கையோடு கோல் செய்து, அதாவது அதே அளவு கட்டி எதிர்த்து, தோற்று வெளியேறினார். இப்படி நான்காவதாகப் போவது இவருக்கு வழக்கமாகிவிட்டதாம். "நல்ல கைதானே, என்ன தவறு?" என்று கேட்கிறார்.

எனக்கும் இதே நோய் இரண்டு வருடம் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். எங்கள் வீட்டு விறாந்தையில் 304 ஆடித்தான் கடதாசி விளையாட்டு பழகினேன். பெரியப்பாதான் குரு. 304இல் ஜேக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு வெறும் 11. ஜேக்கைக் கண்டால் கை பரபரக்கும். நல்ல கை வந்தால் துணிந்து ஏலம் கேட்க வேண்டும், விட்டால் பெரியப்பா ஏசுவார். அங்கே அது சரி. ஒரு கை தோற்றாலும் அடுத்த கைக்கு எல்லோருக்கும் புதிதாகக் கடதாசி பிரிப்பார்கள், நாமும் மேசையில்தான் இருப்போம். போக்கர் போட்டியில் சிப்ஸ் முடிந்தால் எழும்பிப் போக வேண்டியதுதான். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் ஏற்ற எனக்கு நிறையக் காலம் பிடித்தது.

இப்போது கணக்கு. இதை ஐசிஎம் என்பார்கள், கையில் உள்ள சிப்ஸைப் பரிசுப் பங்காக மாற்றிப் பார்க்கும் முறை. மொத்தப் பரிசு 100 என்று வையுங்கள். நான்கு பேரிடமும் சம அளவு சிப்ஸ் இருந்தால் ஒவ்வொருவரின் பங்கும் 25. நீங்கள் கோல் செய்து வென்றால் உங்களிடம் மொத்தச் சிப்ஸில் பாதி, மற்ற இருவரிடமும் கால் கால். முதலாவதாக வரும் வாய்ப்பு 50 சதவீதம், இரண்டாவதாக 33, மூன்றாவதாக 17. பரிசோடு பெருக்கிக் கூட்டினால் 38.3 வரும். 50 வராது! சிப்ஸ் இரண்டு மடங்கானது, பங்கு ஒன்றரை மடங்குதான் ஆனது. தோற்றால் 25 முழுவதும் போகிறது, வென்றால் 13.3தான் கூடுகிறது. அப்படியென்றால் அந்தக் கோல் நட்டமில்லாமல் இருக்க உங்கள் கை 65 சதவீதம் வெல்ல வேண்டும். நடுவில் கிடக்கும் பிளைண்டை (ஒவ்வொரு கைக்கும் இருவர் முன்கூட்டியே போட வேண்டிய கட்டாயப் பந்தயம்) சேர்த்துக்கொண்டாலும் 64க்குக் கிட்டத்தான் நிற்கும்.

ஆஸ்-ஜேக் (ஸ்பேட், ஹார்ட் போல வேறு வேறு இனம்) எவ்வளவு வெல்லும்? எதிராளி கண்ணை மூடிக்கொண்டு எந்த இரண்டு கார்டோடும் ஓல்-இன் போடுபவர் என்றால் சுமார் 64 சதவீதம். அந்த நிலையிலேயே மயிரிழைதான், அதோடு உங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் சாதாரண ஆள் ஜோடி, ஆஸ் உள்ள கை, பெரிய படக் கார்டு இவற்றோடுதான் போடுவார். அப்போது உங்கள் கை 60ஐக்கூடத் தொடாது. ஆகவே அதை மடித்திருக்க (கார்டைப் போட்டுவிட்டு அந்தக் கையிலிருந்து விலகியிருக்க) வேண்டும். தயக்கமே வேண்டாம்.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். அதே ஆஸ்-ஜேக்கோடு நீங்களே முதலில் ஓல்-இன் போட்டிருந்தால்? மிகச் சரியான ஆட்டம். ஏனென்றால் அந்த 65 சதவீதச் சுமை இப்போது மற்றவர்களின் தலையில் ஏறுகிறது. அவர்கள்தான் நல்ல கைகளை மடிக்க வேண்டும். நான்கு பேர் மிஞ்சும்போது தள்ளுபவனுக்கு (முதலில் ஓல்-இன் போடுபவனுக்கு) லாபம், கோல் செய்பவனுக்குப் பாரம். இதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூன்றாம் இடமும் இரண்டாம் இடமும் வரத் தொடங்கின.

ஒரு அனுபவம் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்த காலம். எங்கள் சொந்தக்காரர் ஒன்பது பேர் சனிக்கிழமைகளில் ஒரு தனி மேசை போட்டு ஆடுவோம். எனக்கு இரவு ஒன்பது மணி, டொரொண்டோவில் இருக்கும் மச்சானுக்குப் பகல். பணம் கிடையாது. 50, 30, 20 என்று புள்ளி போட்டு வருடக் கடைசியில் கூட்டுவோம். அன்று நாலு பேர் மிச்சம், என்னிடம் நாலு பிக் பிளைண்ட் (இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது) அளவு சிப்ஸ்தான். கரண்ட் போனது, ரவுட்டர் செத்தது, போனிலும் சிக்னல் இல்லை. ஆள் இல்லாவிட்டாலும் மென்பொருள் பிளைண்டை எடுத்துக்கொண்டே இருக்கும். சிக்னல் தேடி வீதிக்கு வந்து, ஒருவழியாகத் திரும்ப உள்ளே போனால் நான் மூன்றாவது. நான் இல்லாத நேரத்தில் என்னைவிடப் பெரிய ஸ்டாக் (சிப்ஸ் குவியல்) வைத்திருந்த இருவர் ஒன்றோடொன்று மோதி ஒருவர் வெளியே. அவர்கள் இருவரும் என் பிளைண்ட் கரையும்வரை கொஞ்சம் பொறுத்திருந்தால் நான்தான் போயிருப்பேன்.

அதிலிருந்து எடுத்த விதி இது. மேசையில் ஒருவரிடம் ஒன்றிரண்டு பிக் பிளைண்ட்தான் மிச்சம் என்றால், நடுத்தர ஸ்டாக் வைத்திருப்பவர் பெரிய ஸ்டாக்கோடு மோதவே கூடாது. அப்படியான நேரத்தில் இரண்டு பத்துகள் சேர்ந்த ஜோடியையே மடித்திருக்கிறேன். நெஞ்சு வலிக்கும், ஆனால் கணக்கு அதுதான். மாறாக, பெரிய ஸ்டாக் உங்களிடம் இருந்தால் அந்த நடுத்தர ஆட்களைத்தான் ஒவ்வொரு கையும் நெருக்க வேண்டும். அவர்களால் திருப்பி அடிக்க முடியாது.

தொடக்கச் சுற்றுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1500 சிப்ஸ், பிளைண்ட் 10/20 என்றால் ஒரு முழுச் சுற்றும் மடித்தாலும் 30தான் செலவு, அதாவது 2 சதவீதம். அவசரமே இல்லை. பெரிய ஜோடி, ஆஸ்-ராஜா இவற்றை ஆடுங்கள். சின்ன ஜோடி என்றால் மலிவாக ஃபிளொப் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று கார்டு) பாருங்கள், எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவை ஜோடிக்குப் பொருந்தும் மூன்றாவது கார்டு விழும். முதல் கையிலேயே இரட்டிப்பாக்கினாலும் உங்கள் பங்கு 11.1இல் இருந்து 20.3க்குத்தான் போகும், 22க்குப் போகாது. அதனால் ஐம்பதுக்கு ஐம்பது மோதல் அப்போதும் நட்டம்தான்.

அப்புறம், ஸ்டாக் பத்து பிக் பிளைண்டுக்குக் கீழே இறங்கினால் சின்னதாக ரெய்ஸ் பண்ணுவதை (பந்தயத்தை உயர்த்துவதை) விட்டுவிடுங்கள். மூன்று பிளைண்ட் ரெய்ஸ் போட்டு, பிறகு மடித்தால் ஸ்டாக்கில் முப்பது சதவீதம் போய்விடும். ஒன்று ஓல்-இன், இல்லையென்றால் மடிப்பு. 100/200 பிளைண்டில் 2000 சிப்ஸ் வைத்திருக்கும்போது யாரும் கோல் செய்யாவிட்டால் 300 கிடைக்கும், அதுவே 15 சதவீதம். ஆனால் மூன்று பிளைண்டுக்குக் கீழே போகும்வரை காத்திருக்காதீர்கள். அப்போது உங்களுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள், பிக் பிளைண்டில் இருப்பவர் எதை வைத்தும் கோல் செய்வார்.

பணம் வைத்து ஆடும் யோசனை இருந்தால் உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. சும்மா சிப்ஸிலும், எங்களைப்போல் புள்ளி வைத்தும் இதே உத்திகளைப் பழகலாம். என் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்ப்பதால் நான் அதற்கு மேலே போவதில்லை என்று முடிவு எடுத்திருக்கிறேன்.

ஒரு விஷயம், பத்துப் பதினைந்து ஆட்டத்தை வைத்து உங்களை எடைபோடாதீர்கள். ஒன்பது பேரும் சம திறமை என்றால் மூன்றில் ஒரு ஆட்டத்தில்தான் பரிசுக்குள் வருவீர்கள். தொடர்ந்து எட்டுத் தடவை வெறுங்கையோடு போவதும் நடக்கும். நான் ஒரு கொப்பியில் வெளியேறிய இடத்தையும் கடைசிக் கையையும் குறித்து வருகிறேன். நீங்களும் நூறு ஆட்டம் குறித்துப் பாருங்கள். நான்காம் இடம் மற்ற இடங்களைவிட அதிகமாக இருந்தால், அந்தக் கடைசிக் கைகளில் எத்தனை உங்கள் ஓல்-இன், எத்தனை உங்கள் கோல் என்று எண்ணுங்கள். என் கொப்பியில் முதல் வருடம் பெரும்பாலும் கோல்தான்.

கடைசி இருவராக வந்துவிட்டால் மேலே சொன்ன பயம் எதுவும் தேவையில்லை. இருவருக்கும் 30 உறுதி, மிச்சம் 20க்குத்தான் சண்டை. அங்கே சிப்ஸும் பங்கும் ஒன்றாகவே ஏறி இறங்கும். பிளைண்ட் பெரிதாக இருந்தால் ஆஸ் உள்ள எந்தக் கையோ, எந்த ஜோடியோ, ராஜா உள்ள பெரும்பாலான கைகளோ வந்தாலும் தள்ளுங்கள். நீங்கள் மடித்த அந்த ஆஸ்-ஜேக் அங்கே வந்தால், எதிராளி முதலில் ஓல்-இன் போட்டாலும் யோசிக்காமல் கோல் செய்யுங்கள்.