இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதற்கு உண்மையான காரணம் எது, ரஷ்யக் குளிரா, ஹிட்லரின் அகம்பாவமா?

இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் குளிர் ரஷ்யர்களுக்கும்தான் அடித்தது. அகம்பாவத்தில் ஸ்டாலினும் குறைந்தவர் இல்லை. எனக்கு இந்தப் போர் பிடிபட்டதே திருநெல்வேலி ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டை வைத்துத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1981இல் நாகர்கோவிலிலிருந்து பிராட்கேஜ் பாதை திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது. இங்கிருந்து மதுரைக்குப் போனது அப்போதும் மீட்டர் கேஜ்தான். தண்டவாளங்களுக்கு நடுவே பிராட்கேஜில் 1676 மில்லிமீட்டர் அகலம், மீட்டர் கேஜில் 1000. அதில் வந்த வேகன் இதில் ஓடாது. மூட்டையை இறக்கி, பக்கத்து வேகனில் திரும்ப ஏற்ற வேண்டும். என் அப்பா அங்கே லோடுமேன். சோறு கொண்டு போகும்போது பார்ப்பேன், கையில் கொக்கியோடு ஆறேழு பேர் எறும்பு மாதிரிப் போய் வந்துகொண்டிருப்பார்கள். ஒரு வேகனை மாற்றுவதற்குள் வெயில் சாய்ந்துவிடும். "யாவாரிக்குத்தாம்ல நட்டம். நமக்கு ரெண்டு கூலி" என்பார் அப்பா.

ரொம்ப வருடம் கழித்து, ரஷ்யா மீது ஜெர்மனி படையெடுத்ததைப் பற்றி வாசித்தபோது அந்த ஷெட்தான் கண்முன் வந்தது. 1941 ஜூன் 22 அன்று சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள் எல்லையைத் தாண்டினார்கள். டாங்கிகளின் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். கூடவே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போனது பலருக்குத் தெரியாது. பெட்ரோலும் லாரியும் பற்றாத படை அது. எல்லை தாண்டியதும் தண்டவாளமும் மாறிவிட்டது. ஜெர்மனியில் 1435, சோவியத்தில் 1524. மூன்றரை அங்குல வித்தியாசம்தான், ஆனால் வேகன் ஓடாது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்து உள்ளே தள்ளி அடித்துக்கொண்டே போனார்கள். கீழே மரக்கட்டை என்பதால் அது முடிந்தது. ஆனால் டாங்கி போன வேகத்துக்கு அந்த வேலை ஈடுகொடுக்கவில்லை. பாதை மாறுகிற இடங்களில் சரக்கு மலையாகக் குவிந்தது.

குளிருக்கு இப்போது வருகிறேன். கம்பளிக் கோட்டு தைக்காமலேயே போனார்கள் என்று ஒரு கதை உண்டு. கோட்டுகள் இருந்தன, பெருமளவு போலந்துக் கிடங்குகளில் கிடந்தன. போகிற கொஞ்ச ரயிலில் குண்டும் பெட்ரோலும் ஏற்றுவதா, கோட்டு ஏற்றுவதா என்று வந்தபோது குண்டு ஏறியது. போதாக்குறைக்கு, ஜெர்மன் இன்ஜின்களில் தண்ணீர்க் குழாய்கள் கொதிகலனுக்கு வெளியே இருந்தன. டிசம்பரில் அவை உறைந்து வெடித்து, இன்ஜின்களில் பெரும்பாலானவை நின்றுபோயின. குளிர் அடித்தது உண்மைதான். ஆனால் அது அடித்தது ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆளை.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 1941இலேயே சோவியத் அரசு 1500க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி, யூரல் மலைப் பக்கமும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய்விட்டது. அமெரிக்கா அனுப்பிய லாரிகளும் ஜீப்புகளும் மட்டும் சுமார் 4 லட்சம். அதோடு ஏறக்குறைய 2000 ரயில் இன்ஜின்கள். உலக எண்ணெயில் பாதிக்கு மேல் அமெரிக்க மண்ணிலிருந்து வந்த காலம் அது. ஜெர்மனியோ நிலக்கரியிலிருந்து பெட்ரோல் காய்ச்சிக்கொண்டிருந்தது. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பலை மூழ்கடிக்க மூழ்கடிக்க, அமெரிக்கா லிபர்ட்டி ரகச் சரக்குக் கப்பல் மட்டுமே 2710 கட்டி இறக்கியது. இதற்காக, லாரி அனுப்பியவன்தான் ஜெயித்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த லாரியில் ஏறிப் போய்ச் செத்தது சோவியத் மக்கள். போரில் மாண்டவர்கள், பொதுமக்களையும் சேர்த்து, சுமார் 2.7 கோடிப் பேர்.

எங்கள் தெருவில் திமாப்பூர் தாத்தா என்று ஒருவர் இருந்தார். கோஹிமா மலைக்குக் கீழே இருக்கிற ரயில் ஊர் திமாப்பூர். போர்க்காலத்தில் அங்கே ராணுவ லாரி ஓட்டியவர். "துப்பாக்கியத் தொட்டதே கிடையாதுடே, அரிசிதான் ஏத்துனேன்" என்பார். நாங்கள் சிரிப்போம். இப்போது சிரிப்பு வரவில்லை. 1944இல் இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் இம்பாலையும் கோஹிமாவையும் பிடிக்க வந்த ஜப்பான் படை, சுமார் மூன்று வாரச் சாப்பாட்டோடு மலையேறியது. மிச்சத்தை பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. கிடங்கு கிடைக்கவில்லை, மழை வந்துவிட்டது. மாண்ட பல்லாயிரம் பேரில் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும். முற்றுகைக்குள் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைக்கோ விமானத்தில் சாப்பாடு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் எங்கள் ஜங்ஷன் கதைதான். கல்கத்தாவிலிருந்து வரும் பிராட்கேஜ் சரக்கை வங்காளத்தின் பார்பதிபூரில் மீட்டர் கேஜுக்கு மாற்ற வேண்டும், அப்புறம் பிரம்மபுத்திராவைப் படகில் கடக்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு 1944 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான அமெரிக்க ரயில்வே சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதே மாதிரித் தொல்லை வந்தபோது ஜெர்மனியிடம் கூடுதலாக இறக்க ஆளும் இல்லை, இன்ஜினும் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்ணால் எழுப்பி, 1801 மார்ச் 31 அன்று கும்பினிப் படையை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை, திருப்பி அடித்தார். கும்பினி உட்கார்ந்து காத்திருந்தது. வெளியிலிருந்து ஆளும் பெரிய பீரங்கியும் வந்தன. மே 24 அன்று கோட்டை விழுந்தது. வீரம் அந்த 54 நாளில் குறைந்துவிடவில்லை.

அப்படியானால் பணக்கார நாடுதானே எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. 1954இல் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுக்காரர்களிடம் விமானம் இருந்தது. வியட்நாமியர் பீரங்கிகளைக் கையால் இழுத்து மலையேற்றி, ஓடுபாதையை அடித்து மூடினார்கள். அவர்களுடைய அரிசி சைக்கிளிலும் வந்தது, ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல்கூட. அந்தப் படத்தை அப்பாவிடம் செல்போனில் காட்டினேன். போர் யாருக்கும் யாருக்கும் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு நெருக்கிப் பார்த்தார்.

"ஹேண்டில்பார்ல மூங்கில் வச்சுக் கெட்டியிருக்காம் பாரு. உருட்டத் தெரிஞ்சவன்ல."