சீனத்தில் பாராட்டுவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் சீனத் தோழியின் அப்பா, எழுபது தாண்டியவர், எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தன் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கிறார். லிஷு என்ற பழைய எழுத்துப் பாணியில் தூரிகை எழுத்துச் சுருள்கள், மையில் வரைந்த இறால்கள், மூங்கிலில் செதுக்கிய தூரிகைக் குவளை ஒன்று. வருகையாளர் ஏட்டில் சீனத்திலேயே ஒரு நாலெழுத்துத் தொடர் எழுத ஆசை. இணையத்தில் தேடினால் நிறையக் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் 'மிகச் சிறந்த கலைத்திறன்' என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். எதை எழுதினாலும் சரிதானா?

ம., சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

சரியாக இருக்காது. செங்யூ எனப்படும் இந்தத் தொடர்கள் ஒவ்வொன்றும் வேறொன்றைப் பாராட்டுகின்றன: ஒன்று கையின் வலுவை, ஒன்று பொருளின் வேலைப்பாட்டை, ஒன்று கலைஞர் எட்டிய முதிர்ச்சியை. எனவே முதலில் படைப்பைப் பாருங்கள், பிறகு தொடரைத் தேடுங்கள்.

எழுத்துச் சுருளுக்குப் பொருந்துவது 'ரூ மூ சான் ஃபென்', அதாவது மரத்துக்குள் மூன்று ஃபென் (ஃபென் என்பது பழைய சீன நீள அளவு). 4ஆம் நூற்றாண்டில் தூரிகை எழுத்துக் கலைஞர் வாங் ஷீஜி ஒரு வழிபாட்டுப் பலகையில் எழுதியிருந்தார். வாசகத்தை மாற்றுவதற்காகப் பலகையை இழைத்தபோது மை மூன்று ஃபென் ஆழத்துக்கு இறங்கியிருந்ததாம். இன்றைய கணக்கில் சுமார் 7 மில்லிமீட்டர். தூரிகையோ மெத்தென்ற ரோமம். வெறுமனே அழுத்தினால் கோடு தடிக்கும், வலு வராது. தூரிகையின் நுனி கோட்டின் நடுவிலேயே ஓட வேண்டும். அப்போதுதான் மை இருபுறமும் சமமாக ஊறும். நுனி ஓரத்துக்குப் போய்விட்டால் ஒரு பக்க விளிம்பு பிசிறடிக்கும், கோடு தட்டையாகிவிடும். லிஷுவில் இன்னொன்றையும் கவனியுங்கள். நீண்ட கிடைக்கோட்டின் தொடக்கம் பட்டுப்புழுவின் தலை போல உருண்டும், முடிவு காட்டு வாத்தின் வால் போல மேல்நோக்கி விரிந்தும் இருக்கும். அந்த வால் ஓர் எழுத்தில் ஒருமுறைதான் வரலாம். இவையெல்லாம் நன்றாக அமைந்திருந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் இன்று இந்தத் தொடரைக் கூர்மையான விமர்சனத்தைப் பாராட்டவும் நிறையவே பயன்படுத்துகிறார்கள். அதனால் முன்னால் 'பீ லீ' (தூரிகை வலு) சேர்த்தால் குழப்பம் வராது. முதியவரின் எழுத்துக்கு 'சாங் ஜிங் யோவ் லீ'யும் அழகு. வயதேறிய பைன் மரத்தின் உறுதி அதில் இருக்கிறது.

'லுங் ஃபெய் ஃபெங் ஊ' (டிராகன் பறக்க, ஃபீனிக்ஸ் ஆட) வேண்டாம். அது வேகமாக ஓடும் எழுத்துக்கு உரியது. புரியாத கிறுக்கலைக் கிண்டல் செய்யவும் அதையே சொல்வார்கள்.

இறால் ஓவியத்துக்குப் பலரும் 'ஷூ ஷூ ரூ ஷெங்' (உயிரோடு இருப்பது போல) என்று எழுதிவிடுவார்கள். தவறில்லை, ஆனால் மை ஓவியருக்கு அது குறைவான பாராட்டு என்பேன். இறாலுக்கே பேர்போன ச்சி பாய்ஷி (1864–1957), ஓவியத்தின் அருமை ஒத்திருப்பதற்கும் ஒத்திராததற்கும் நடுவில் இருக்கிறது என்றவர்; அப்படியே ஒத்திருந்தால் மலினம், ஒத்திராவிட்டால் ஏமாற்று. வயது ஏற ஏற அவர் தன் இறால்களின் கால்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். அந்த மரபில் வரைபவருக்கு 'ச்சி யுன் ஷெங் துங்' எழுதுங்கள். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் ஷியே ஹ என்ற ஓவிய விமர்சகர் ஓவியத்துக்கு வகுத்த ஆறு விதிகளில் முதலாவது இது: மூச்சும் லயமும் ததும்பும் உயிரோட்டம்.

குவளைக்கு 'ச்சியாவ் துவோ தியென் குங்', இயற்கையின் வேலையையே விஞ்சிய கைத்திறன். தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தின் ஜேட் கல்லில் செதுக்கிய முட்டைக்கோஸ் இதற்குச் சரியான உதாரணம். 18.7 சென்டிமீட்டர் உயரம். பாதி வெள்ளை, பாதி பச்சை, விரிசலும் கறையும் உள்ள கல். சாதாரணக் குவளையாகவோ சிமிழாகவோ செதுக்கியிருந்தால் பழுதென்று ஒதுக்கியிருப்பார்கள். செதுக்கியவர் வெள்ளையைத் தண்டாக்கினார், பச்சையை இலையாக்கினார், விரிசலை நரம்புகளுக்குள் மறைத்தார். இலை நுனியில் உட்கார்ந்திருக்கும் பூச்சிகளை மட்டும் 'ஹுவா லுங் தியென் ஜிங்' (வரைந்த டிராகனுக்குக் கண் வைப்பது) எனலாம். அது முழுமைக்கு உயிர் தரும் ஒற்றை இடத்துக்கான தொடர், முழுப் படைப்புக்கு ஆகாது. அதேபோல 'துவோ தியென் குங்' மனிதர் செய்ததற்கு மட்டுமே. மலையையும் பள்ளத்தாக்கையும் பார்த்து அதைச் சொல்வது பள்ளிப்பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை. அங்கே 'குய் ஃபூ ஷென் குங்' (பேயின் கோடரி, தெய்வத்தின் வேலை) வரும்.

'லூ ஹுவோ ச்சுன் ச்சிங்' (உலைத்தீ தூய நீலமானது) திறமைக்கு உரியது, பொருளுக்கு அல்ல. 'ஜி யி' (கலைத்திறன்) என்று முன்னால் போட்டு எழுதுங்கள்.

பெரியவர் தன் வேலையை 'தியாவ் சுங் ஷியாவ் ஜி' (பூச்சி செதுக்கும் அற்ப வித்தை) என்று சொல்லக்கூடும். அது தன்னடக்கம், நீங்கள் அதைத் திருப்பிச் சொன்னால் அவமதிப்பாகிவிடும். 'ஜியாங் ஷின்' என்றால் நுட்பமான படைப்பு மனம், 'ஜியாங் ச்சி' என்றால் உயிரில்லாத தொழில்வாடை. முதல் எழுத்து இரண்டிலும் ஒன்றே, ஆகவே கவனம்.

எந்தத் தொடருக்கு முன்னாலும் 'ஹென்' (மிகவும்) சேர்க்காதீர்கள். மிகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. விளிக்கும்போது குடும்பப்பெயரோடு 'லாவ் ஷி' (ஆசிரியர்) சேருங்கள். 'துவோ தியென் குங்'கின் கடைசி எழுத்தான 'குங்' எழுதும்போது மூன்றே கோடுகள் கொண்ட எழுத்துத்தான் சரி. அதே ஒலியில் வலப்பக்கம் 'லீ' (வலு) என்ற எழுத்துச் சேர்ந்த இன்னோர் எழுத்து உண்டு. கைப்பேசியைப் பார்த்து எழுதுபவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது அங்கேதான்.