வாசகர் கடிதம்: கவுன்சிலர் நாற்காலியும் சனிக்கிழமை வகுப்பும்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 27. எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு தனியார் மையத்தில் மூன்று வருடமாக ஜெர்மன் மொழியின் ஆரம்ப நிலைகளான ஏ1, ஏ2 எடுக்கிறேன். நான் அதற்கு மேலே பி2 நிலை வரை பாஸ். என் வகுப்பில் பாதிப் பேர் நர்ஸிங் முடித்தவர்கள். இப்போது அதே மையத்தில் என்னை 'ஸ்டடி அப்ராட் கவுன்சிலர்' ஆகச் சொல்கிறார்கள். சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் வகுப்பு கிடையாது. இன்னொரு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது, அங்கே சம்பளம் குறைவு. வீட்டில் "டீச்சராவே இருந்து என்ன பண்ணப்போற" என்கிறார்கள். நீங்கள் இரண்டு வேலையும் பார்த்தவர். பாடம் எடுப்பதை விட்டுவிட்டு நிர்வாகத்துக்குப் போகலாமா? (பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

போகலாம். ஆனால் எந்த நிர்வாகத்துக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். உங்களுக்கு வந்திருக்கும் இரண்டும் ஒரே தொழில் இல்லை, பெயர்தான் ஒன்று.

நம் ஊரில் 'ஸ்டடி அப்ராட்' என்று போர்டு தொங்கினால் அது டிகிரி படிக்க ஆள் அனுப்பும் கன்சல்டன்சி. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அதே பெயரில் இருக்கும் அலுவலகம், தன் மாணவரையே ஒரு செமஸ்டருக்கோ கோடை விடுமுறைக்கோ வெளிநாட்டுக்கு அனுப்பி, பத்திரமாகத் திரும்ப வரவழைத்து, அங்கே படித்ததற்கு இங்கே கிரெடிட் போட்டுக் கொடுப்பது. ஒன்றில் மாணவர் கிளம்பியதும் வேலை முடிகிறது, இன்னொன்றில் கிளம்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. உங்களுக்கு நேர்காணல் வந்திருக்கும் அலுவலகம் இந்த இரண்டாவது வகைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கக்கூடியது.

கன்சல்டன்சி என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன், நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பல நாடுகளுக்கு ஆள் அனுப்பினால், அங்குள்ள பல்கலைக்கழகம் மாணவர் சேர்ந்ததும் கமிஷன் தரும். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது, அப்புறம் கமிஷன் எங்கிருந்து வரும்? ஆகவே மாணவரிடமே ஒரு தொகை வாங்க வேண்டும், அல்லது கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிப் பக்கம் மெதுவாகத் தள்ள வேண்டும். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மனிக்காகத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், அங்கே போய்ச் செலவுக்குக் காசு இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டும் முடக்கப்பட்ட கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ என்று ஏற்கெனவே நகையை அடகு வைத்துவிட்டு உங்கள் முன்னால் வந்து உட்காரும் அப்பாவிடம் எந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லப்போகிறீர்கள் என்பது அந்த நாற்காலியில் தினமும் வரும் கேள்வி. மாத டார்கெட் இருந்தால் கேள்வி இன்னும் கூராகும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மதுரையில் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத்தான் நான் சேர்ந்தேன். மதுரைக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1961-இல் தொடங்கியது, அதன் தமிழ் மையம் அங்கேதான் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் பல வருடம் மாணவர்களை அங்கே அனுப்பியது. நான் இருந்தது ஒரு சின்னத் திட்டம், பெயர் இப்போது எதற்கு. காலையில் வகுப்பு, மதியம் அலுவலகம் என்று ஆனது திட்டமிட்டு நடந்ததில்லை, ஆள் இல்லாததால் நடந்தது.

ஒரு மாணவி, கே.கே. நகரில் ஒரு வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு மாதம் கழித்து அழுதுகொண்டே அலுவலகத்துக்கு வந்து, வீட்டம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, எங்கேயும் கூட வருவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வேறு வீடு பாருங்கள் என்றாள். நானும் படிவத்தை எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாமே என்று வீட்டுக்குப் போனால் அந்த அம்மாவுக்கு அதைவிடப் பெரிய வருத்தம். "அந்தப் புள்ள எப்பப் பார்த்தாலும் 'நாங்க கோயிலுக்குப் போறோம்'னு சொல்லிட்டு நிக்குது. கூப்பிட்டாத்தான வர்றதுக்கு?"

அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், பாவம். 'நாம' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வீ'தானே. ஒரு மாதமாக அந்த வீட்டில் ஒவ்வொரு அழைப்பும் 'உனக்கு இதில் இடமில்லை' என்று போய் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை முழுக்க நாம, நாங்க, நம்ம, எங்க மட்டும்தான் எடுத்தேன். படிவத்தைக் கிழித்துப் போட்டோம். அந்த வருடப் பொங்கலுக்கு அந்த அம்மா அவளுக்குப் பட்டுப்பாவாடை தைத்துக் கொடுத்தது தனிக் கதை.

மொழி தெரியாத நிர்வாகி அந்த இடத்தில் வீட்டை மாற்றியிருப்பார். விதிப்படி சரியாகவும் இருந்திருக்கும்.

மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் இந்தத் தொழிலை அமெரிக்காவில் தொடங்கியதே ஒரு மொழி வாத்தியார்தான். 1923-இல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ரேமண்ட் கர்க்பிரைட், முதல் உலகப் போரில் பங்கெடுத்தவர், எட்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கப்பலில் பிரான்ஸ் போனார். நேரே பாரிஸுக்குப் போகவில்லை. முதலில் நான்சி என்ற ஊரில் சில வாரம் பிரெஞ்சுப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம். பாடம் எடுத்தவரும் பயணத்தைப் பார்த்துக்கொண்டவரும் ஒரே ஆள். பின்னால் கூட்டம் பெருகியதும் மொழித் துறை ஒரு கட்டடம், அனுப்பும் அலுவலகம் இன்னொரு கட்டடம் என்று ஆகிவிட்டது, இரண்டு கட்டடத்துக்கும் பேச்சுவார்த்தை கம்மி.

அலுவலக வேலையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குப் படிவம் போட்டுத் தெரிவிக்க வேண்டும், 180 நாளுக்கு மேல் போகும் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஒன்று தவறினால் திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்தி வைப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நாய்க்கடி என்று போன் வரும், ஊசி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஒஹாயோவிலிருந்து கடிபட்ட மாணவனின் அம்மா போன் செய்வார், அவரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு ஒரு தனிச் சட்டம். இதையெல்லாம் யாரும் பாராட்ட மாட்டார்கள், எதுவும் நடக்காமல் இருந்தால்தான் நீங்கள் நன்றாக வேலை செய்தீர்கள் என்று அர்த்தம்.

பின்னால் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதே வேலை கிடைத்தது. அலுவலகம் முழு நேரம், கூடவே வாரத்துக்கு நான்கு மணி நேரம் தமிழ் வகுப்பு. வகுப்பை விட்டுவிடு, உனக்கு எதற்குக் கூடுதல் சுமை என்று மேலே இருந்தவர் மூன்று முறை சொன்னார். நல்லவேளை கேட்கவில்லை. 2018-19 கல்வியாண்டில் அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போய்ப் படித்த மாணவர்கள் 3,47,099 பேர். கொரோனா வந்து 2020-21-இல் அது 14,549. எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர் இருந்தோம், இரண்டு பேர் மிஞ்சினார்கள், நான் அந்த இருவரில் இல்லை. ஒரு ஜூம் கூட்டத்தில் பதினொரு நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு என் ஒன்பது மாணவர்கள் வழக்கம்போல் திரையில் வந்து 'வணக்கம் டீச்சர்' என்றார்கள். அந்த வகுப்புக்கான ஒப்பந்தம் வேறு துறையில் இருந்ததால் அது மட்டும் தப்பியது, சம்பளம் கால்வாசி. அதை வைத்துத்தான் ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

இதைச் சொல்வதால் பாடம் எடுப்பது பாதுகாப்பான வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன மொழிகளுக்கு அங்கே வருடா வருடம் ஒப்பந்தம்தான், போதுமான பேர் சேராவிட்டால் வகுப்பே இருக்காது. ஒன்று விழும்போது இன்னொன்று பிடித்தது, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் பல்கலைக்கழக நேர்காணலுக்குப் போவேன். அங்கே ஜெர்மன் விருப்பப் பாடமாக இருக்கிறதா, வாரத்துக்கு ஒரு வகுப்பாவது தருவார்களா என்று கேட்பேன். இல்லை என்றால் இப்போதைய மையத்திலேயே சனிக்கிழமை காலை பேட்சை வைத்துக்கொள்ள முடியுமா என்று பேசிப் பார்ப்பேன். பி2-வோடு நிற்காமல் அடுத்த நிலையான சி1 எழுதுங்கள், ஆசிரியர் பயிற்சிக்கு ஜெர்மன் மொழி, பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவனில் விசாரியுங்கள். வெளியே போய் ஒரு வருடம் பார்க்க ஆசை இருந்தால் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் எஃப்எல்டிஏ என்ற திட்டம் இருக்கிறது, இளம் ஆங்கில ஆசிரியர்களை ஒரு கல்வியாண்டுக்கு அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் அவர்கள் மொழியைச் சொல்லிக்கொடுக்க வைப்பார்கள். எந்த மொழிகள் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லை, வீட்டு நிலைமைக்கு இரண்டு மடங்கு சம்பளம்தான் வேண்டும் என்றால் கவுன்சிலராகவே சேருங்கள், அதில் தப்பில்லை, நானும் பணத்துக்காக வேலை மாறியவள்தான். சேரும் முன்னால் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: மாத டார்கெட் உண்டா, ஒரு மாணவரை 'உனக்கு இது வேண்டாம், இன்னும் ஒரு வருடம் படி' என்று திருப்பி அனுப்பினால் என் சம்பளத்தில் பிடிப்பீர்களா. என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், அதற்கப்புறம் மிச்சத்தைப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா